சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழங்கள்

அந்த அறிவிப்பில் பதினோரு வரிகள் இருந்தன. லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் நான்கு மூலைக்கும் நான்கு ஊசி குத்தி மாட்டியிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். சமீபத்திய தீ விபத்தை முன்னிட்டு, கீழ்த்தளத்தில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுவது நிறுத்தப்படும். விபத்துக்குக் கரி காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் முடிவு உறுதி செய்யப்படும். விஷயம் அவ்வளவுதான், நான்கு வரி. மீதி ஏழு வரிகளும் குடியிருப்போரின் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை என்பதை ஏழு விதமாகச் சொல்லின.

படித்து முடித்தபோது எனக்குக் காது மடல் சுட்டது. தீயை அணைத்தவரையே தீயைக் காரணம் காட்டி வெளியே அனுப்புகிறார்கள்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் அடுக்ககத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் பதினான்கு வருடமாக ஓர் அம்மாள் இஸ்திரி போடுகிறார். மர்பி டவுனிலிருந்து நடந்து எட்டரைக்கு வந்துவிடுவார். ஒரு மேசை, ஒரு கரிப்பெட்டி, ஆறிய சாம்பல் கொட்ட ஒரு வாளி, குடியிருப்போர் சங்கத்தார் முன்பு வற்புறுத்தி வைக்கச் சொன்ன மணல் வாளி ஒன்று. நாற்பத்தெட்டில் முப்பத்தொன்பது வீட்டுத் துணிகள் அவரிடம் போகின்றன. வீட்டில் நடமாட்டம் இல்லாத மாமியார், நர்சிங் படிக்கும் மகள், சம்பாதிப்பது இவர் ஒருத்தர். எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் ஏற்கெனவே இஸ்திரி வண்டிகள் நிற்கின்றன. அந்த மேசை போனால் அவருக்கு வேறு இடம் இல்லை.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. மின்சார ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் போட சுவரில் ஆறு பிளக் வைத்திருக்கிறார்கள். யாரோ அதில் ஒன்றிலிருந்து ஒயர் இழுத்து, பலகையில் இன்னும் மூன்று பிளக் சேர்த்திருந்தார்கள். அந்தப் பலகை புகைந்து, உருகி, பக்கத்தில் ஸ்கூட்டருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் பற்றிக்கொண்டது. வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்தார். அது அவர் செய்த முதல் காரியம், சரியான காரியம். சுவரில் மாட்டியிருக்க வேண்டிய இரண்டு சின்னத் தீயணைப்பான்கள் சுவரில் இல்லை. பொடி நிரப்பி வருகிறோம் என்று சர்வீஸ் கம்பெனிக்காரர்கள் எடுத்துப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. பதிலுக்கு வேறு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, சங்கத்துக்கும் தோன்றவில்லை.

மிச்சம் இருந்தது பெரிய டிராலி. ஜெனரேட்டர் கூண்டை ஒட்டி நிற்கும். இடுப்பளவு உயரத்தில் சிவப்பு உருளை, அதில் ஐம்பது கிலோ உலர் பொடி, பக்கவாட்டில் காஸ் சிலிண்டர் ஒன்று, பதினாறு அடி ரப்பர் குழாய், கீழே இரண்டு சக்கரம். சிலிண்டரைத் திறந்தால் காஸ் உருளைக்குள் பாய்ந்து பொடியைக் குழாய் வழியாகத் தள்ளும். தூக்க முடியாத கனம் என்பதால்தான் சக்கரம். வாட்ச்மேன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. தீ இருந்த இடம் முப்பத்தைந்து அடி தள்ளி, குழாய் எட்டாது. லிஃப்ட் நின்றுபோனதால் நான் நாலாவது மாடியிலிருந்து படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். "சக்ரமே திரும்பல்ல சார்! திரும்பல்ல!" என்று அவர் கன்னடமும் தமிழுமாகக் கத்தியது முதல் மாடியிலேயே கேட்டது.

நான் கடைசிப் படியில் கால் வைத்தபோது இஸ்திரி அம்மாள் மணல் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் வாளி ஏற்கெனவே காலியாகிவிட்டது. முகம், தலை, புடவை எல்லாம் சாம்பல். தீ அணைந்திருந்தது. ஒரு வாளி சாம்பலும் அரை வாளி மணலும். எங்கள் கட்டடத்தைக் காப்பாற்றியது அவ்வளவுதான்.

இதற்குப் பின்தான் அந்தப் பதினோரு வரி. நேராகச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு; பெங்களூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு பேசினார்.

"அங்கிள், சர்வீஸ் கம்பெனி ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. டிராலி நல்ல கண்டிஷன். வாட்ச்மேனுக்கு ஆபரேட் பண்ணத் தெரியல. பேஸ்மெண்ட்ல எரியற கரி இருந்துச்சு. எல்லாம் கிளியரா இருக்கு."

"எரிஞ்சது சார்ஜ் போடற பலகை. கரிப்பெட்டிக்கும் அதுக்கும் நடுவுல நாற்பத்திரண்டு அடி. டேப் வெச்சு அளந்தேன்."

"நீங்க எதைத்தான் அளக்கல அங்கிள்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் பேசத் தகுதி உண்டு என்று நினைத்திருந்தேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். அங்கே இதேபோல் பதினொரு டிராலிகள் என் பொறுப்பில் இருந்தன. காஸ் சிலிண்டரைக் கழற்றித் தராசில் போடுவோம். அதன் கழுத்தில் காலி எடையும் நிறை எடையும் அடித்திருக்கும். மூடியைத் திறந்து பொடியை ஒரு பிடி அள்ளி விடுவோம். நல்ல பொடி கோலப்பொடி மாதிரி விரலிடுக்கில் வழியும். ஈரம் பட்ட பொடி கையிலேயே நிற்கும். பிறகு அச்சுக்கு கிரீஸ் போட்டு, இருபது தப்படி உருட்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவோம். உருட்டாத டிராலிக்கு அட்டையில் கையெழுத்து கிடையாது. இந்தப் பெருமையெல்லாம் சொல்லித்தான் சங்கத்தில் என்னைப் பாதுகாப்பு ஆலோசகர் ஆக்கினார்கள். அதாவது, நான் சொல்லித்தான்.

வியாழக்கிழமை காலை டார்ச் எடுத்துக்கொண்டு, வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு டிராலியைப் பார்க்கப் போனேன்.

வெளியே பளபளவென்று இருந்தது. சீல் அறுபடவில்லை, சிலிண்டரைப் பூட்டும் பின் அதன் இடத்தில் இருந்தது. அதைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குழாயைச் சுற்றிச் சருகாய்ப் போன சாமந்தி மாலை ஒன்று தொங்கியது. உருளையின் நெற்றியில் மங்கிய குங்குமம். டார்ச்சைத் தாழ்த்தினேன். இரண்டு சக்கரத்துக்கும் முன்னால், ரப்பரை ஒட்டினாற்போல், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். கறுத்து, சுருங்கி, கோலிக்குண்டு மாதிரி. ஆனால் முழுசாக.

எனக்கு அவற்றைத் தெரியும். வைத்தவன் நான்தான்.

போன ஆயுத பூஜைக்குக் கட்டடத்து வண்டிகள் அறுபத்தொன்றுக்கும் பூஜை நடந்தது. கடைசியில் வாட்ச்மேன், "இதுக்கும் சக்கரம் இருக்குதல்ல சார், விட்டுடறதா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கட்டடத்தில் டிராலியை மதிக்கிற ஒரே மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். நானே குங்குமம் வைத்து, மாலை சுற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி என்றால் பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னே போக வேண்டும். இருவரும் தள்ளினோம். நகரவில்லை. "ஆகல்ல சார், ஹோக்லி பிடி, மேல கடலைப்பொரி குடுக்கறாங்க" என்றார் அவர். முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்கிறார். அப்புறம் கிரீஸ் போட்டுத் தள்ளிக்கொள்ளலாம் என்று நானும் கடலைப்பொரிக்குப் போய்விட்டேன். பூஜைப் பொருள் என்று கூட்டுகிறவர்களும் அதைத் தொடவில்லை. பதினோரு மாதம்.

டிராலியின் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பினேன். அந்தப் பதினோரு மாதத்தில் நான்கு சோதனைகள். நான்கிலும் 'நகர்த்திப் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக். கம்பெனிக்காரரின் கையெழுத்து நான்கு. அதற்குப் பக்கத்தில் சாட்சி என்ற கட்டத்தில் இன்னொரு கையெழுத்து, அழகாக, வலப்பக்கம் சாய்ந்து, நான்கு.

அதுவும் என்னுடையதுதான்.

மூட்டு வலி. ஒவ்வொரு முறையும் கம்பெனி ஆள் அட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுவார். நான் காப்பி கொடுத்துப் பதினான்கு கேள்விகள் கேட்பேன். பின் இருக்கிறதா, சீல் இருக்கிறதா, குழாயில் வெடிப்பு உண்டா, சிலிண்டரை எடை போட்டீர்களா, உருட்டிப் பார்த்தீர்களா. அவர் பதினான்கு பதில் சொல்வார். பதினான்கும் சரியாக இருக்கும். கையெழுத்துப் போடுவேன்.

வாட்ச்மேன் என் தோளுக்கு மேலாக அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்த அட்டை இல்லேன்னா?" என்றார் மெதுவாக. "எலி கடிச்சிருக்கும். கீழ எலி ஜாஸ்தி."

நான் உடனே பதில் சொல்லவில்லை. உடனே சொன்னதாக எழுத ஆசைதான். பிறகு அட்டையை இருந்தபடியே தொங்கவிட்டு, "பழத்தை யாரும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உங்க பொறுப்பு" என்றேன்.

"பழத்துக்கு செக்யூரிட்டியா சார்? இது புதுசு" என்றார் அவர்.

மேலே வந்தபோது என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, எண்ணிக்கை தப்பிப் போச்சா?" என்று கேட்டாள். இல்லை, சரியாக இருக்கிறது, அதுதான் கஷ்டம் என்று சொல்லிவிட்டு மத்தியானம் சாப்பிடாமல் படுத்தேன்.

சனிக்கிழமை இஸ்திரி அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் கேட்டு அவர் திடுக்கிடக்கூடாது என்று நினைத்தேன். அவர் ஒரு சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்போ அந்த டப்பாவ நம்பிக்கினுதான் நாங்கெல்லாம் கீழ நின்னுட்டு இருந்தோமா?"

"ஆமாம்மா."

"பதினாலு கேள்வி கேட்டீங்களே சார், அந்தாளாண்ட. பதினஞ்சாவதா என்னாண்ட ஒண்ணு கேட்டிருக்கலாமில்ல? நான் தெனம் அதுக்கு எதிர்லதான் நிக்கிறேன். அவரு வருவாரு, போட்டோ புடிப்பாரு, துணியால தொடப்பாரு, மேல போவாரு. உங்க காப்பி நல்லா இருக்குன்னு போறப்ப சொல்லிட்டுப் போவாரு."

என் வயதில் ஒருவனை இப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கோபம் எனக்குக் கம்பெனிக்காரர் மேல், செயலாளர் மேல், நாற்பத்தெட்டு வீட்டின் மேலும் இருந்தது. அந்த நிமிஷத்தில் அது எல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது.

"நாளைக்கு எல்லாரையும் கீழயே வரவைக்கிறேன்" என்றேன்.

"வரவைங்க. மாடியில உக்காந்து பேசினா எம் மேசை எங்க இருக்குதுன்னே அவுங்களுக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தவர்கள் இருபத்தேழு பேர். கீழ்த்தளத்தில் நாற்காலி இல்லை, புழுக்கம் என்று முணுமுணுத்தார்கள். செயலாளர் கம்பெனி ஆளையும் வரச் சொல்லியிருந்தார். முப்பது வயது, ஒல்லி, தோளில் பை. என்னைப் பார்த்ததும், "வணக்கம் சார், மூட்டு எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். அதுவும் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"தம்பி, இந்த டிராலியைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள்" என்றேன்.

தள்ளினார். இழுத்தார். பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி இழுத்தார். இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். டயர் தரையோடு ஒட்டிப் போயிருந்தது, அச்சு துருவேறி இறுகியிருந்தது. உருளை சாய்ந்ததே தவிர சக்கரம் சுற்றவில்லை. "பழத்தை மிதிக்காதீங்க!" என்று வாட்ச்மேன் அதட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அது எந்தப் பூஜைக்கு வைத்த பழம் என்று சொன்னேன். வைத்தது யார் என்றும் சொன்னேன்.

அடுத்து காஸ் சிலிண்டரைக் கழற்றச் சொன்னேன். பழைய பேப்பர் கடையிலிருந்து கொக்கித் தராசு இரவல் வாங்கி வைத்திருந்தேன். சிலிண்டரின் கழுத்தில் அடித்திருந்த காலி எடை எட்டு கிலோ நானூறு கிராம். தராசும் எட்டு நானூறு காட்டியது. ஒரு முறை சத்தமாகப் படித்தேன். பின்னால் நிற்பவர்களுக்காக இன்னொரு முறை. உள்ளே காஸ் என்று எதுவும் இல்லை. எப்போது கசிந்து போயிற்றோ, போன செவ்வாய்க்கிழமைக்கு ரொம்ப முன்பே போயிருந்தது. சீல்தான் அறுபடவில்லையே.

உருளையின் மூடியை மெதுவாக, இரண்டு சுற்றுத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். உள்ளே அழுத்தம் இருந்தால் ஓரத்துத் துளையில் சீறும். சீறவில்லை. மூடியை எடுத்தார். என் கைத்தடியை உள்ளே விட்டுக் குத்தினேன். டொக் என்றது. ஐம்பது கிலோவும் ஒரே கல்.

"ஒரு நாளைக்குப் பதினெட்டு பில்டிங் சார்" என்றார் கம்பெனி ஆள், என்னிடம் மட்டும் பேசுவதுபோல. "ஒவ்வொண்ணையும் திறந்து பாத்தா மூணுதான் முடியும். மீதி பதினஞ்சுக்கு என் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு." அவரைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகளில் பாதியை அங்கேயே விழுங்கினேன். மீதிப் பாதியை அவர் முதலாளிக்குக் கடிதமாக எழுதினேன்.

செயலாளர் அதற்குள் அட்டையைக் கையில் எடுத்திருந்தார். "சரி அங்கிள், கம்பெனிய மாத்திடலாம். ஆனா இதுல சாட்சின்னு ஒரு கையெழுத்து இருக்கே. இது யாரு?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"நான்தான். நாலு தடவை. நாலு தடவையும் பார்க்காமல் போட்டேன்."

"எண்ணறதுல மட்டும் ஐயா கெட்டி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. முப்பத்தொரு வருடம் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அது அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: "டிராலி செத்துக் கிடந்தது. சின்னது இரண்டும் ஊரில் இல்லை. வேலை செய்தது இந்த அம்மாவின் வாளி இரண்டும்தான். அவரை அனுப்பிவிட்டு என்னை ஆலோசகராக வைத்துக்கொள்ளப் போகிறீர்களா?"

இஸ்திரி அம்மாள் அதுவரை மேசைக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். முன்னே வரவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"கரி வாணாம்னா சொல்லுங்கோ, கரண்டுப் பொட்டி வாங்கிக்கிறேன். அது உங்க இஷ்டம். ஆனா நெருப்பு என்னால வந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்கோ. வேற எந்த பில்டிங்லயும் அப்புறம் என்னை உள்ள விட மாட்டாங்க."

கை தூக்கச் சொன்னார்கள். இருபத்தேழில் இருபத்திரண்டு கைகள் அவர் இருக்கட்டும் என்று உயர்ந்தன. மீதி ஐந்தில் இரண்டு கைகள் போனில் இருந்தன.

அவர் இருக்கிறார். மின்சாரப் பெட்டிக்குத் தனி பிளக் கொடுத்திருக்கிறார்கள். சாம்பல் இல்லாததால் இப்போது இரண்டு வாளியிலும் மணல். புது டிராலி வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் படியிறங்கிப் போகிறேன். நாற்பத்துநான்கு தப்படி உருட்டிக்கொண்டு போய் கேட்டைத் தொட்டுத் திரும்புகிறோம். வாட்ச்மேன் இழுப்பார், அம்மாள் பின்னாலிருந்து தள்ளுவார். முதல் மாதம் நான் பழக்கதோஷத்தில் பேனாவை முன்பே எடுத்துவிட்டேன். "பேனாவை உள்ள வைங்க சார். மொதல்ல தள்ளுங்க" என்றார் அம்மாள். ஆயுத பூஜைக்கு வைத்த இரண்டு பழமும் நசுங்கிச் சாறு தெறித்தது. ஒன்று என் வேட்டியில்.

ஆனாலும் என் ஆத்திரம் தீரவில்லை. பலகையிலிருந்த தாளை எடுத்துவிட்டார்கள். ஆனால் கூட்டக் குறிப்பேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது: விபத்துக்குக் கரி காரணமாக இருக்கலாம். அதை அடிக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதிவிட்டேன். எழுத்தில் பதில் ஒன்றும் இல்லை. மூன்றாவதற்குப் பதிலாக வாயால் ஒரு செய்தி வந்தது. புது அட்டையில் சாட்சி என்ற கட்டத்தில் நான் அந்த அம்மாளைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் சிலிண்டரைத் தராசில் தொங்கவிட்டு எண்ணைத் தானே படித்த பிறகுதான் போடுகிறார், கொஞ்சம் மெதுவாக, அழுத்தி. இஸ்திரி போடுகிறவர் எப்படி சாட்சியாக இருக்க முடியும் என்று செயலாளர் கேட்டாராம்; வந்த செய்தி அதுதான்.

நாலாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.